வாசலுக்கு வெளியே நிற்கும் தாய்மார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரீபியத் தீவு நாடான ஹைதியில் நிலநடுக்கத்தால் சிதைந்த ஒரு குழந்தைகள் இல்லத்தை மிஷனரிக் குழு ஒன்று மீண்டும் எழுப்பியதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வாசித்தேன். கட்டுரையாளரின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கட்டுரை நெடுகிலும் அந்தப் பிள்ளைகளை ‘அனாதைகள்’ என்றே எழுதியிருப்பதும், ஓர் அனாதைக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப முன்வாருங்கள் என்ற வேண்டுகோளோடு முடித்திருப்பதும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. நான் ஓய்வுபெற்ற செவிலியர். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு திருச்சபையின் நிவாரணக் குழுவோடு ஹைதிக்குச் சென்று, தலைநகரை ஒட்டிய மலைச்சரிவில் இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆறு வாரம் வேலை செய்தவள். நானும் விசுவாசிதான், காணிக்கை கொடுப்பவள்தான். ஆகவே இதை மிஷனரிகளுக்கு எதிரான கடிதமாகக் கொள்ள வேண்டாம். சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

2010 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை மாலை 4.53 மணிக்கு நேர்ந்த அந்த நடுக்கத்தின் அளவு 7.0. அதைவிடப் பெரிய நடுக்கங்களை உலகம் கண்டிருக்கிறது. ஆனால் இதன் மையம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், லெயோகான் ஊருக்கு அருகே, தரைக்கடியில் சுமார் 13 கிலோமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. புயலில் கூரை பறந்துவிடக் கூடாதென்று வீடுகளுக்குக் கனத்த கான்கிரீட் தளம் போடுவது அந்நாட்டு வழக்கம். அந்தத் தளத்தைத் தாங்கிய சுவர்களோ சிமெண்டைக் குறைத்து மணலைக் கூட்டி வார்த்த பொள்ளல் கற்களால் (ஹாலோ பிளாக்) ஆனவை, தூண்களிலும் போதிய கம்பி இல்லை. புயலுக்கு எது காவலோ அதுவே நிலநடுக்கத்தில் எமனாகிவிட்டது. அதிபர் மாளிகையும் பேராலயமும் ஐ.நா. பணிக்குழுவின் தலைமையகமும் இடிந்து விழுந்தன. தலைநகரின் பேராயர் ஜோசப் செர்ஜ் மியோவும் அன்று உயிரிழந்தார். இறந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல் என்றது அந்நாட்டு அரசு. வேறு கணக்குகள் அதைவிட மிகவும் குறைத்துச் சொல்கின்றன. வீடு வாசல் இழந்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர்.

இப்படி ஓர் அரசாங்கமே இடிபாட்டுக்குள் கிடந்த நாளில், விமான நிலையத்தில் நிவாரணப் பொருட்கள் இறங்குவதற்கு முன்பே, அக்கம்பக்கத்தாருடன் சேர்ந்து காயம்பட்டவர்களைத் தூக்கியவர்கள் அங்கேயே குடியிருந்த கன்னியர்களும் பாதிரியார்களும் உள்ளூர்ப் போதகர்களும்தான். பாதிரியாரும் மருத்துவருமான ரிக் ஃப்ரெஷெட் 1987 முதல் ஹைதியில் ஊழியம் செய்துவருபவர். அவர் சார்ந்த கத்தோலிக்க அமைப்பு நடத்தும் செயின்ட் டேமியன் குழந்தைகள் மருத்துவமனை, அந்த நாட்களில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் சிகிச்சை அளித்தது. இருபதாண்டுக்கு மேல் ஓரிடத்தில் வேர்விட்டு, அந்த மக்களின் கிரியோல் மொழியைப் பேசி, யாருடைய பிள்ளை யாரென்று தெரிந்து வைத்திருப்பவர்கள் செய்யும் ஊழியம் ஒரு வகை. பத்து நாள் விடுப்பில், ஒரே நிறச் சட்டை அணிந்து வந்திறங்கும் குழுக்களின் ஊழியம் இன்னொரு வகை. தங்கள் கட்டுரை இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. நான் இரண்டாம் வகையைச் சேர்ந்தவள் என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மார்ச் மாதம் பிறந்திருந்தது. இல்லத்தின் ஒரு கட்டடம் படுத்துவிட்டது. மற்றொன்றில் கீறல்கூட இல்லை. ஆனாலும் பிள்ளைகள் ஒருவரும் அதற்குள் படுக்கமாட்டார்கள். முற்றத்தில் மாமரத்துக்கும் மதிலுக்கும் இடையே கட்டிய நீலத் தார்ப்பாயின் கீழேதான் அத்தனை பேரும் உறங்கினார்கள். ஹைதி மக்கள் அந்த நிலநடுக்கத்துக்குத் தங்கள் மொழியில் வைத்த பெயர் ‘குடுகுடு’. நம் காதுக்கு அது விளையாட்டுச் சொல்லாகப் படும். பூமிக்கடியிலிருந்து எழுந்த ஓசையை அப்படியே பெயராக்கியிருக்கிறார்கள். ஒரு லாரி மலையேறும் சத்தம் கேட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு முற்றத்தின் நடுவுக்கு ஓடிவந்து நிற்பார்கள். அயலாரை அங்கே ‘ப்ளாங்’ என்பார்கள். வெள்ளையர் என்று பொருள். கருத்த நிறத்தவளான என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் சிரிப்பு வந்தது. நாளாக ஆக, நிறத்தைக் குறிக்கும் சொல் அல்ல அது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்த நேரமும் கிளம்பிவிடக்கூடியவரைக் குறிக்கும் சொல் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

என் வேலை காலையில் காயங்களுக்குக் கட்டு மாற்றுவது, பிறகு எடை எடுப்பது, ஐந்து வயதுக்குட்பட்டவர்களின் மேல்கையை அளவு நாடாவால் அளப்பது. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடா சிவப்பைக் காட்டும். அந்தக் குழந்தையை உடனே சத்துணவுச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அளந்ததை எழுதுவதற்குப் பிள்ளைகளின் பதிவேட்டைக் கேட்டேன். இல்லத்தின் நிர்வாகி, பாதி நனைந்து உப்பிப்போன ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பெயர் இருந்தது; வயது, ஓர் உத்தேசம் இருந்தது; நன்கொடையாளருக்கு அனுப்பிய படத்தின் எண்கூட இருந்தது. தாய், தகப்பன், ஊர் என்ற மூன்று கட்டங்களும் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. ‘இவர்கள் எல்லோரும் நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்தவர்களா?’ என்று கேட்டதற்கு, பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன்பே இங்கு இருந்தவர்கள் என்றார். ‘அப்படியானால் அப்போதே பெற்றோர் இல்லையா?’ என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பதில் தானாகக் கிடைத்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், இரும்பு வாசலுக்கு அப்பால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் பையில் மரவள்ளி ரொட்டி கொண்டுவந்திருந்தாள். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, ரொட்டியைப் பிட்டு அவளுக்கே ஊட்டிக்கொண்டிருந்தான். எங்கள் குழுவின் கையேட்டில் அவன் படத்துக்குக் கீழே அச்சிட்டிருந்தது ‘அனாதை’ என்பதுதான். அவள் நிலநடுக்கத்தில் வீட்டை இழந்தவள். ஆனால் மகனை அதற்கு ஓராண்டு முன்பே இங்கு விட்டிருந்தாள். ஹைதியில் பெரும்பாலான பள்ளிகள் தனியார் பள்ளிகள். கட்டணமும் சீருடையும் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முடியாது. இல்லத்தில் விட்டால் படிப்பும் ஒருவேளைச் சோறும் உறுதி. விடாவிட்டால் வேறொரு வழி இருக்கிறது, அது இன்னும் கொடியது: ஓரளவு வசதியுள்ள வீட்டில் ‘ரெஸ்தாவெக்’ ஆக, அதாவது ‘கூட இருப்பவன்’ ஆக விடுவது. பெயர் அப்படி, நடப்பது தண்ணீர் சுமப்பதும் பாத்திரம் துலக்குவதும் அடி வாங்குவதும்தான். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்ட தாயைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் உயிரோடு கம்பிக்கு அப்பால் நிற்கும்போது அவள் மகனை அனாதை என்று அச்சிட்ட எங்களைக் குறைசொல்ல வார்த்தை வேண்டிய அளவு இருக்கிறது.

இது அந்த ஓர் இல்லத்தின் கதை அன்று. ஹைதியில் எழுநூற்றைம்பது அளவிலான இல்லங்களில் ஏறத்தாழ 30,000 பிள்ளைகள் இருப்பதாகவும், அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருப்பதாகவும், அந்த இல்லங்களில் அரசின் முறையான அனுமதி பெற்றவை 15 சதவீதத்தையும் எட்டவில்லை என்றும் குழந்தைநல அமைப்புகள் பின்னர் கணக்கெடுத்துச் சொல்லியிருக்கின்றன. நேபாளத்திலும் இதே கதைதான். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்கு முன்பே அங்கே சுமார் 15,000 பிள்ளைகள் இல்லங்களில் இருந்தார்கள். அவர்களில் 85 சதவீதத்தினருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார் என்பது யுனிசெஃப் தந்த கணக்கு. பதிவுபெற்ற இல்லங்களில் பத்தில் ஒன்பது, நாட்டில் அப்போதிருந்த 75 மாவட்டங்களில், சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் ஐந்தே மாவட்டங்களில் அமைந்திருந்தன. பெற்றோரற்ற பிள்ளைகள் அந்த ஐந்து மாவட்டங்களில் மட்டுமா பிறக்கிறார்கள்? நன்கொடையாளர் எங்கே வந்து போகிறாரோ அங்கே இல்லம் முளைக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

நிலநடுக்கத்துக்குப் பிந்தைய அவசரத்தில் இந்தக் குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த ஆண்டே ஒரு சான்று கிடைத்தது. ஜனவரி 29 அன்று, நடுக்கம் நேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலிருந்து புறப்பட்டு வந்த பாப்டிஸ்ட் குழு ஒன்றைச் சேர்ந்த பத்துப் பேர், 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு அண்டை நாடான டொமினிக்கன் குடியரசின் எல்லையைக் கடக்க முயன்றபோது நிறுத்தப்பட்டார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தேவையான ஆவணங்கள் அவர்களிடம் இல்லை. அந்த நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றில் விடுதியை வாடகைக்கு எடுத்து இல்லம் தொடங்குவது அவர்கள் திட்டம். விசாரித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளில் பலர் தலைநகருக்கு மேலேயுள்ள கலபாஸ் என்ற மலைக்கிராமத்திலிருந்து பெற்றோரே கையளித்தவர்கள். படிப்பு கிடைக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வாக்கை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளை எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் என்ற தொண்டு அமைப்பினர் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்டு, பிறகு குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். கைதானவர்களில் எட்டுப் பேர் பிப்ரவரியிலும், ஒருவர் மார்ச்சிலும் விடுதலையானார்கள். குழுவின் தலைவி மட்டும், முறைகேடாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்ததாகத் தீர்ப்பாகி, சிறையில் கழித்த நாட்களே தண்டனையாக மே மாதம் வீடு திரும்பினார்.

அவர்களைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் குழுவில் இருந்தவர்களுக்கும் அவர்களுக்கும் மனத்தளவில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னைக் கலங்க வைத்தது. ‘கடவுள் அனுப்பினார், வந்தோம்’ என்ற உறுதி, பாஸ்போர்ட்டும் பிறப்புச் சான்றிதழும் கேட்பவரை ஊழியத்துக்குக் குறுக்கே நிற்பவராகக் காட்டிவிடுகிறது. எங்கள் ஜெபக்கூட்டம் ஒன்றில், அந்தப் பத்துப் பேருக்காக மன்றாடிய ஒருவர் அந்த 33 பிள்ளைகளின் தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை.

இத்தனைக்கும் செய்ய வேண்டியது என்னவென்று யாருக்கும் தெரியாமல் இல்லை. பெருந்துயரங்களில் பிரிந்துபோகும் பிள்ளைகளைக் குறித்துச் செஞ்சிலுவைச் சங்கம், யுனிசெஃப், ஐ.நா. அகதிகள் ஆணையம் உள்ளிட்ட ஆறு அமைப்புகள் சேர்ந்து 2004-லேயே பொது நெறிமுறைகளை வெளியிட்டன. அந்த ஆறில் ஒன்று கிறிஸ்தவ அமைப்பான வேர்ல்ட் விஷன் என்பதை நம் சபையார் கவனிக்க வேண்டும். அந்த நெறிமுறைகள் முதலில் திருத்துவது சொல்லைத்தான். பெற்றோரைப் பிரிந்து உறவினரோடு இருக்கும் பிள்ளை வேறு. எந்தப் பெரியவரும் துணையில்லாமல் நிற்கும் பிள்ளை வேறு. தாயும் தகப்பனும் இறந்தது உறுதியான பிள்ளை வேறு. முதல் இரண்டு நிலையிலும் இருப்பவரை மூன்றாவதாக எழுதிவிட்டால், தேடுவது அந்த இடத்திலேயே நின்றுவிடும். இறந்துபோனவளை யார் தேடப்போகிறார்கள்? தேடிப் பார்க்காமல் தத்துக் கொடுக்கக் கூடாது, பிள்ளையை நாட்டைவிட்டு நகர்த்தக் கூடாது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஏழ்மை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபையும் வழிகாட்டு நெறிகளை ஏற்றது. அது 2009 டிசம்பரில். ஹைதி குலுங்கியதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன்பு.

ஹைதியில் நடந்ததோ வேறு. நடுக்கம் நேர்ந்த ஆறாம் நாளே அமெரிக்க அரசு சிறப்பு அனுமதி அறிவித்து, அடுத்த சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வளர்ப்புப் பெற்றோரிடம் கொண்டுசேர்த்தது. அவர்களில் பலருக்குத் தத்து நடவடிக்கை முன்பே தொடங்கியிருந்தது உண்மை. அந்த வீடுகளில் அவர்கள் நன்றாக வளர்ந்திருப்பார்கள் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுத்தர்கள் மாண்டு, ஆவணங்கள் இடிபாட்டுக்குள் கிடந்த நேரத்தில், சரிபார்ப்பு எந்த அளவுக்கு நடந்திருக்க முடியும்? நேபாள அரசு இந்தப் பாடத்தைப் படித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். 2015-இல் நடுக்கம் நேர்ந்த சில வாரங்களுக்குள், பெற்றோரோ அனுமதி பெற்ற பாதுகாவலரோ இல்லாமல் பிள்ளைகள் மாவட்டம் விட்டு மாவட்டம் போவதைத் தடைசெய்தது. வெளிநாட்டுத் தத்தையும் புதிய இல்லங்களின் பதிவையும் நிறுத்திவைத்தது. மிஷனரிகளில் சிலருக்கு அது கெடுபிடியாகப் பட்டிருக்கலாம். எனக்கு அதில் தவறு தெரியவில்லை.

இல்லத்துக்குள் செய்யும் சேவையிலும் எங்களுக்குப் புரியாதவை பல இருந்தன. எங்கள் குழு அன்போடு சுமந்து வந்த பெட்டிகளில் இரண்டு முழுக்கப் பால்பவுடர் டப்பாக்கள். தண்ணீரைக் காய்ச்ச விறகில்லாத இடத்தில், பாட்டிலைக் கழுவ நல்ல நீரில்லாத இடத்தில், பால்பவுடர் என்பது வயிற்றுப்போக்குக்கு எழுதிக்கொடுக்கும் அனுமதிச் சீட்டு. இதை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஒவ்வொரு பேரிடரிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. செவிலியரான நானே புறப்படும் முன்பு அந்தப் பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். தலைநகரின் முகாம்களில் தாய்மார்கள் ஒதுக்கமாக உட்கார்ந்து பாலூட்டவும் ஆலோசனை பெறவும் தனிக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். அதுவல்லவா உதவி? அந்த ஆண்டு அக்டோபரில் ஹைதியில் காலராவும் பரவத் தொடங்கியது என்பதை நினைக்கும்போது, நாங்கள் விட்டுவந்த டப்பாக்களில் எத்தனை மீந்திருந்தன என்ற எண்ணம் இன்றும் வருவதுண்டு.

அடுத்தது, அணைப்பு. தங்கள் கட்டுரையின் முதல் படத்தில், வந்திறங்கிய தொண்டர்களை நோக்கிப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். ‘அன்புக்கு ஏங்கும் பிஞ்சுகள்’ என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் போன அன்றும் அப்படித்தான் ஓடிவந்தார்கள். பெயர்கூடத் தெரியாத ஒருவர் மேல் மூன்று வயதுக் குழந்தை தாவி ஏறுவது ஆரோக்கியத்தின் அடையாளம் அன்று. தாய்மடியில் வளரும் பிள்ளை அந்நியரைக் கண்டால் முந்தானைக்குப் பின்னால் ஒளியும். ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்ட குழந்தைகள் அறிவிலும் உறவிலும் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் மாற்றப்பட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். எங்கள் இல்லத்தில் நான் இருந்த ஆறு வாரத்தில் நான்கு குழுக்கள் வந்து போயின. ஒவ்வொரு குழு கிளம்பும்போதும் ஓர் அழுகை. நான்காவது குழு கிளம்பியபோது பெரும்பாலோர் அழவில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘பழகிவிட்டார்கள்’ என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னார். அந்தச் சொல்லை என்னால் நிம்மதியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் மிஷனரிகள் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நான் கண்ட மிகச் சிறந்த ஊழியத்தைச் செய்தவர் எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர். அவர் பிள்ளைகள் யாரையும் தூக்கிக் கொஞ்சி நான் பார்த்ததில்லை. நிற்கிற கட்டடத்தைத் தூண் தூணாகத் தட்டிப் பார்த்து, உள்ளூர்க் கொத்தனார்களைச் சேர்த்துக்கொண்டு, தூணும் விட்டமும் கூடும் இடங்களில் கம்பியை எப்படி வளைத்துக் கட்ட வேண்டும் என்று செய்துகாட்டினார். கடற்கரை மணலை அப்படியே கலவையில் போடக் கூடாது, அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்றுவிடும் என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். அந்தக் கொத்தனார்கள் தங்கள் வீடுகளையும் அப்படியே கட்டிக்கொள்வார்கள் அல்லவா? இன்னொருவர் அங்கேயே நெடுங்காலம் ஊழியம் செய்த ஒரு கன்னியர். அவர் எங்கள் இல்லத்தைச் சேர்ந்தவர் அல்லர். வாரம் ஒருமுறை வருவார். அந்த நனைந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையாக மடியில் இருத்தி, உன் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கோயில், தண்ணீர் எங்கே எடுப்பீர்கள், அம்மா சந்தையில் என்ன விற்பாள் என்று கேட்டுக் கேட்டுக் காலிக் கட்டங்களை நிரப்பினார். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஊர்ப்பெயர் தெரியாது; ஆனால் அம்மா கரி விற்பாள், பக்கத்தில் பெரிய ஆறு, அதற்கு மேல் பச்சைப் பாலம் என்று தெரியும். அந்தக் குறிப்புகளோடு தேடித் தாயைக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை வரும் இல்லத்துக்கு, ஒரு பிள்ளை வீடு திரும்புவது வருமான இழப்பு. நிர்வாகி நல்லவராகவே இருந்தாலும் கணக்கு அவரை உறுத்தும். எங்கள் இல்லத்தின் நிர்வாகி கெட்டவர் அல்லர். பணியாளர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தவர், அவ்வளவுதான். நன்கொடையாளர் படத்தைக் கேட்கிறார், கடிதத்தைக் கேட்கிறார். பிள்ளை தாயோடு போய்விட்டான் என்று எழுதினால் பணத்தை நிறுத்திவிடுகிறார். அதே பணத்தைத் தாயின் கையில் பள்ளிக் கட்டணமாகவும், சந்தையில் கடை போடும் முதலாகவும் கொடுத்திருந்தால், ரொட்டிப் பையோடு வாசலில் நிற்க அவளுக்கு அவசியம் வந்திருக்காது. திருச்சபையில் நாம் ‘திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர்கள். விதவையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

உண்மையிலேயே போக்கிடம் இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஊனமுற்ற பிள்ளைகளுக்கு அங்கே வேறு ஆதரவே கிடையாது. அவர்களுக்கு இல்லம் வேண்டும், அது முறையான இல்லமாக இருக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் தலைநகருக்கு மேலேயுள்ள கென்ஸ்காஃப் பகுதியில் அமெரிக்க மதக்குழு ஒன்று நடத்திய இல்லத்தில் தீப்பிடித்து 15 பிள்ளைகள் மாண்டார்கள். ஜெனரேட்டர் வேலை செய்யாததால் இரவில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள் என்றும், அந்த இல்லத்துக்கு அரசின் அனுமதி இருக்கவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. பக்தி அனுமதிச் சீட்டுக்கு மாற்றாகாது. தீயணைப்புக் கருவிக்கும் மாற்றாகாது. 2021 ஆகஸ்ட் 14 அன்று ஹைதியின் தென்மேற்குப் பகுதி 7.2 அளவில் மறுபடி குலுங்கியதும், அதே ஆண்டு அக்டோபரில் ஓர் இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய 17 மிஷனரிப் பயணிகளை, குழந்தைகள் உட்பட, ஆயுதக் கும்பல் கடத்திச் சென்றதும் தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு மாதம் அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. வெளிநாட்டவர் கால்வைக்க முடியாத அப்படிப்பட்ட மாதங்களிலும் கஞ்சி காய்ச்சுவதும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் உள்ளூர்ப் பெண் பணியாளர்கள்தான். தங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கட்டுரையில் குறிப்பிட்ட இல்லத்துக்காக வாசகர்களிடமிருந்து நன்கொடை திரட்டுவதாக இருந்தால், அதற்கு முன் அந்த இல்லத்துக்கு ஹைதியின் சமூகநலத் துறை தந்த அனுமதி இருக்கிறதா என்று கேட்டு, பதிலை வெளியிடுங்கள். பிள்ளைகளின் முகமும் பெயரும் கொண்ட படங்களை இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்; அவர்களுடைய தாய்மார்கள் உயிரோடிருந்தால், அந்தப் படத்தின் கீழே உள்ள சொல்லை ஒருநாள் அவர்களும் காண நேரலாம்.

நான் புறப்பட்ட அன்று காலை, அந்தக் கன்னியர் நோட்டை விரித்துக் காட்டினார். ஏழு பெயர்களுக்கு நேரே அழைத்துச் சென்றவரின் கைநாட்டும் தேதியும் உறவுமுறையும் எழுதியிருந்தன. அதில் ஆறாவது பெயர் அந்த ரொட்டிக்காரச் சிறுவனுடையது. தாயின் கைநாட்டு சற்றே கலங்கிப் பக்கத்துக் கட்டத்தில் விழுந்திருந்தது. தங்கள் நிருபர் அந்த இல்லத்தோடு மறுபடி பேச நேர்ந்தால், அங்கே அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா, அதில் கடைசியாக எப்போது ஒரு பிள்ளை வீடு திரும்பியதாக எழுதியிருக்கிறது என்று கேட்டுச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற செவிலியர், தங்கள் நெடுநாள் வாசகி